விற்கிற பொருளின் போட்டோவுக்குப் பின்னணி மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் இருந்தபடியே புடவை, டெரகோட்டா நகை, பித்தளைச் சாமான், மரச்செக்கு எண்ணெய் என்று விற்பவர்களுக்குப் போட்டோ எடிட் செய்து தருகிறேன். வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். கையில் இருக்கிற போனையும் இலவசமாகக் கிடைக்கிற ஆப்களையும் மனதில் வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெரிய கேமரா வைத்திருப்பவர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

பொருள் நன்றாக இருந்தால் போதாதா? பின்னணியை எதற்கு மாற்ற வேண்டும்?

வாங்க வருகிறவர் உங்கள் போட்டோவை முதலில் பார்ப்பது தபால்தலை அளவில்தான். அந்த அளவில் கண் எதைப் பிடிக்கும்? வெளிச்சமாக இருப்பதையும் பளிச்சென்ற நிறத்தையும் எழுத்தையும் பிடிக்கும். உங்கள் கம்மலுக்குப் பின்னால் தினசரி காலண்டர் தொங்கினால் கண் முதலில் தேதியைப் படித்துவிட்டுத்தான் கம்மலுக்கு வரும். அதற்குள் விரல் அடுத்த கடைக்குத் தள்ளியிருக்கும்.

பொருளைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டுவதற்கு வழிகள் மூன்று: வெளிச்ச வித்தியாசம், நிற வித்தியாசம், பின்னால் இருப்பது மங்கலாகவும் பொருள் கூர்மையாகவும் இருப்பது. இதில் முதலாவதுதான் பலம் அதிகம். சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. போட்டோவைக் கறுப்பு வெள்ளை ஆக்கி, சின்னதாக்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாருங்கள். பொருள் எங்கே முடிகிறது, பின்னணி எங்கே தொடங்குகிறது என்று புரியவில்லையென்றால் எத்தனை ஃபில்டர் போட்டாலும் எடுபடாது.

பின்னணி வெள்ளையாகத்தான் இருக்க வேண்டுமா?

எங்கே விற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அமேசானில் முதல் படத்துக்குச் சுத்த வெள்ளை கட்டாயம். ஆர்ஜிபி கணக்கில், அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் 0 முதல் 255 வரை அளக்கிற கணக்கில், 255, 255, 255. பொருள் படத்தில் 85 சதவீத இடத்தையாவது நிரப்ப வேண்டும். முதல் படத்தில் எழுத்து, லோகோ, வாட்டர்மார்க் எதுவும் கூடாது. வாங்குபவர் பெரிதாக்கிப் பார்க்க வேண்டுமானால் நீளப் பக்கம் 1000 பிக்சலாவது இருக்க வேண்டும். இரண்டாவது படத்திலிருந்து மேஜை மேல் வைத்தோ கையில் பிடித்தோ காட்டலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். 250, 251, 249 என்று இருப்பதும் கண்ணுக்கு வெள்ளைதான். ஆனால் சுத்த வெள்ளைப் பக்கத்தில் போய் உட்காரும்போது படத்தைச் சுற்றி அழுக்குப் பெட்டி போல ஒரு சதுரம் தெரியும். லெவல்ஸ் என்ற வெளிச்சக் கருவியைத் தேய்த்துத் தேய்த்து வெளுப்பதை விட, பொருளை வெட்டியெடுத்து 255 வெள்ளை லேயர் (படத்தின் கீழே போடுகிற தனி அடுக்கு) ஒன்றின் மேல் வைத்துவிடுவது நிச்சயமான வழி.

வாட்ஸ்அப் கேட்டலாக், இன்ஸ்டாகிராம் பக்கங்களில் இந்தக் கட்டாயம் இல்லை. அங்கே எல்லாப் பொருளுக்கும் வெள்ளை போட்டால் மருந்துக்கடை பில் மாதிரி இருக்கும் என்பது என் கருத்து. வெள்ளி கொலுசுக்கும் வெள்ளை வேட்டிக்கும் வெளிர் சாம்பல் நன்றாக எடுபடும். டெரகோட்டாவுக்குச் சாயம் போடாத பருத்தித் துணி போதும். எதை எடுத்தாலும் கடை முழுக்க ஒன்றிரண்டு பின்னணிக்கு மேல் போகாதீர்கள்.

புடவைக்கு எந்த நிறப் பின்னணி நன்றாக இருக்கும்?

இதற்குக் கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்ல வேண்டும். புடவை வியாபாரத்தில் ரிட்டர்ன் வருவதற்கு நான் பார்த்தவரை பெரிய காரணம் இங்கேதான் இருக்கிறது.

பாரிஸில் கோபெலின் என்ற அரசு நெசவுக்கூடம் உண்டு. 1824-இல் அங்கே சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக வந்தவர் மிஷேல் ஷெவ்ரோல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூலில் சாயம் சரியாக ஏறவில்லை, நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்தால் கறுப்பு வெளிறித் தெரிகிறது என்று அவரிடம் புகார் வந்தது. அவர் சோதித்தார். சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் இருக்கிற நிறம்தான் கண்ணை ஏமாற்றியிருக்கிறது. இரண்டு நிறம் அருகருகே இருந்தால் ஒவ்வொன்றும் மற்றதைத் தன் எதிர்நிறத்தின் பக்கமாகத் தள்ளும் என்ற விதியை 1839-இல் அச்சிட்டு வெளியிட்டார்.

உங்கள் அரக்குப் புடவையை இலைப் பச்சைச் சுவருக்கு முன் தொங்கவிட்டால் நடப்பது இதுதான். சிவப்பு துள்ளிக்கொண்டு வரும், லைக்கும் வரும். பார்சலைப் பிரித்து மரக் கட்டில் மேல் விரித்துப் பார்க்கிற அக்காவுக்கு அதே புடவை சோர்ந்துபோய்த் தெரியும். “போட்டோவில் வேற ஷேடு காட்டினீங்க” என்பார். நீங்கள் நிறத்தைத் தொட்டிருக்கவே மாட்டீர்கள். அவர் சொல்வதும் பொய்யில்லை.

அதனால் ஷேடு காட்டுகிற படத்துக்கு நிறமில்லாத சாம்பலோ வெள்ளைக்கு அருகில் உள்ள எதுவுமோ போதும். பச்சைச் சுவர், வாழை இலை, மாடிப்படி எல்லாம் கவர் படத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இது கண் ஏமாற்றுவது இல்லை, நிஜமாகவே நடப்பது. பெயின்ட் அடித்த சுவரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் துணி மேல் விழும். பச்சைச் சுவர் பக்கத்தில் எடுத்த வெண்பட்டின் மடிப்புகளுக்குள் பச்சை ஏறியிருக்கும். பிறகு சுவரை வெட்டியெறிந்தாலும் அந்தப் பச்சை துணியிலேயே தங்கிவிடும்.

எல்லாவற்றையும் ஆப்பே வெட்டிக் கொடுக்கிறதே, எடுக்கும்போது கவனமாக எடுக்க வேண்டுமா?

வேண்டும். எடுக்கும்போது செலவழிக்கிற ஐந்து நிமிடம் எடிட்டிங்கில் அரைமணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

வெள்ளை சார்ட் பேப்பர் ஒன்று வாங்குங்கள். மேல் ஓரத்தைச் சுவரில் ஒட்டி, மடிப்பு விழாமல் வளைத்து மேஜை மேல் இறக்குங்கள். சுவரும் மேஜையும் சேர்கிற கோடு மறைந்துவிடும். ஜன்னல் ஒரு பக்கமாக இருக்கட்டும், நேர் வெயில் வேண்டாம். எதிர்ப்பக்கத்தில் தெர்மாகோல் அட்டை ஒன்றை நிறுத்தினால் இருட்டுப் பக்கம் தெளியும். டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், அறை விளக்கு இன்னொரு நிறம். இரண்டும் கலந்தால் பேப்பரின் ஒரு பாதி நீலம், மறு பாதி மஞ்சள். அதை எந்த ஆப்பாலும் ஒரேயடியாகச் சரிசெய்ய முடியாது.

வெள்ளைப் பேப்பர் போட்டோவில் சாம்பலாக வருகிறதே என்று கவலைப்படாதீர்கள். எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரத்தான் கேமரா பார்க்கும். பொருள் மேல் விரலை அழுத்தி ஃபோகஸைப் பூட்டிவிட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். போர்ட்ரெய்ட் மோட் வேண்டவே வேண்டாம். அது போடுகிற மங்கல் நகையின் ஓரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். அருகே போய் எடுக்காமல் ஓரடி பின்னால் வந்து 2எக்ஸ் வைத்து எடுத்தால் சொம்பின் வயிறு பிதுங்காது.

பொருளைப் பின்னணியோடு ஒட்டி வைக்காதீர்கள். சின்னப் பொருளுக்கு ஒன்றிரண்டு அடி இடைவெளி போதும், தொங்குகிற புடவைக்கு மூன்று நான்கு அடி வேண்டும். நிழல் பின்னணியில் விழாமல் இருந்தாலே வெட்டுகிற வேலை பாதி முடிந்தது.

எந்த ஆப் நல்லது?

ஐபோனில் ஐஓஎஸ் 16 (2022) முதல் போட்டோ மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பொருள் தனியாகக் கையோடு வந்துவிடும், ரொம்பப் பழைய மாடல்களைத் தவிர. காப்பி செய்து எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு இதுவே போதும்.

பின்னணியைத் தானாக நீக்கித் தருகிற ரிமூவ்.பிஜி தளம் 2018 இறுதியில் வந்தது, ஆஸ்திரியாவின் வியன்னாவில் உருவானது. 2021-இல் கான்வா நிறுவனம் அதை வாங்கிவிட்டது. இலவசமாகத் தருகிற படம் அளவில் சின்னது, அமேசானுக்குத் தேறாது. கான்வாவுக்குள் பின்னணி நீக்கும் வசதி பணம் கட்டிய கணக்குக்குத்தான். அடோபி எக்ஸ்பிரஸில் இலவசமாகவே கிடைக்கிறது. போட்டோரூம் போனில் வேகமாக வேலை செய்யும், ஆனால் இலவசப் பதிப்பில் அதன் முத்திரை விழும்.

கம்ப்யூட்டர் இருந்தால் ஃபோட்டோபீ. பிரவுசரிலேயே திறக்கும், ஃபோட்டோஷாப் மாதிரியே லேயர், மாஸ்க் (படத்தை அழிக்காமல் மறைக்கிற திரை), பென் டூல் (ஓரத்தில் கோடு போட்டு வெட்டுகிற கருவி) எல்லாம் உண்டு, விளம்பரத்தைப் பொறுத்துக்கொண்டால் காசு இல்லை. கிம்ப்பும் இலவசம்தான், பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும். தினமும் நிறையப் படம் போடுகிறவர்கள் ஃபோட்டோபீயில் மாஸ்க் பழகிக்கொள்வது நல்லது. ஏன் என்பது அடுத்த பதிலில்.

ஆப் முந்தானைக் குஞ்சத்தை வெட்டிவிடுகிறது, ஜிமிக்கியின் ஓட்டையை மட்டும் வெட்டாமல் விடுகிறது. என்ன செய்வது?

பொருள் எது, பின்னணி எது என்று தானியங்கி ஆப் ஊகிக்கத்தான் செய்கிறது. மெல்லிய நூலும் சின்ன ஓட்டையும் அதன் ஊகத்துக்குள் அடங்காது.

ஒரு ஜிமிக்கியை எடுத்துக்கொள்வோம். மேலே தோடு, அதிலிருந்து ஒரு வளையம், கீழே கிண்ணம், கிண்ணத்தின் விளிம்பில் வரிசையாக முத்து. ஆப் வெட்டித் தந்ததும் அதன் கீழே அடர் சிவப்பு லேயர் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். வெள்ளை மேல் தெரியாத குறையெல்லாம் சிவப்பு மேல் தெரிந்துவிடும். வளையத்துக்குள் பழைய பேப்பர் அப்படியே இருக்கும். முத்துக்கும் முத்துக்கும் நடுவில் சாம்பல் முக்கோணங்கள் நிற்கும். கொக்கியின் நுனி காணாமல் போயிருக்கும். இப்போது மாஸ்க்கைத் திறந்து, கறுப்பு பிரஷ்ஷால் வளையத்தின் உள்ளே தடவினால் பேப்பர் மறையும், வெள்ளை பிரஷ்ஷால் கொக்கியைத் தடவினால் நுனி திரும்பி வரும். முத்து இடைவெளிகளுக்கு 300 சதவீதம் பெரிதாக்கிச் சின்ன பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள். அழிப்பான் கருவியைத் தொடாதீர்கள். அழித்தது போனது போனதுதான், மாஸ்க்கில் மறைத்தது எப்போது வேண்டுமானாலும் திரும்பும்.

குஞ்சத்துக்கு வேறு வழி. நூல் நூலாக வெட்ட முயலாதீர்கள், நாள் போய்விடும். வெள்ளைப் பேப்பர் மேல் எடுத்திருந்தால் குஞ்சம் இருக்கிற இடத்தை மட்டும் வெட்டாமல் தனி லேயராக வைத்து, அந்த லேயர் கீழே உள்ளதோடு கலக்கும் முறையை (பிளெண்ட் மோட்) மல்டிப்ளை என்று மாற்றுங்கள். மல்டிப்ளையில் வெள்ளை மறைந்துபோகும், அடர் நிற நூல் மட்டும் புதுப் பின்னணி மேல் நிற்கும். புதுப் பின்னணி வெளிர் நிறமாக இருந்தால்தான் இது செல்லும். வெண்பட்டுக் குஞ்சமாக இருந்தால் இந்த வித்தை பலிக்காது. அதை அடர் பின்னணியில் எடுத்து, பின்னணியை மாற்றாமலே விட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

வெட்டிய ஓரத்தில் மெல்லிசாக ஒரு கோடு தெரிகிறது.

பழைய பின்னணியின் மிச்சம். மாஸ்க்கை ஒரு பிக்சல் உள்ளே சுருக்கி, அரை பிக்சல் மென்மை கொடுங்கள். ஃபோட்டோஷாப்பில் ஓர நிறத்தை நீக்க டீகன்டாமினேட் கலர்ஸ் என்றே ஒரு வசதி இருக்கிறது. திருவிழா பேனர் மாதிரி நிறத்துணிகளை விரித்து எடுத்தால் இந்தத் தொல்லை இரட்டிப்பு.

எவர்சில்வர், பித்தளை, கண்ணாடி பாட்டில்?

பளபளக்கிற பாத்திரத்துக்கென்று சொந்த முகம் கிடையாது. சுற்றி என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும். உங்கள் போன், சட்டை, ஃபேன், ஜன்னல் கம்பி எல்லாம் அடுக்கின் வயிற்றில் இருக்கும். பின்னணியை நீக்கினாலும் அவை உள்ளேயே நிற்கும். எனவே பாத்திரத்தை மூன்று பக்கமும் வெள்ளை அட்டையால் சூழுங்கள், தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள்.

ஆனால் சுற்றிலும் வெள்ளை மட்டும் வைத்தால் நாச்சியார்கோவில் குத்துவிளக்கு கூட சோப்பில் செதுக்கியது போல வெளுத்துவிடும். தண்டின் உருளை வடிவம் தெரிய ஒரு கறுப்புக் கோடு வேண்டும். இரண்டு விரல் அகலத்தில் கறுப்பு சார்ட் துண்டுகளை வெட்டி, போட்டோவில் விழாதபடி விளக்கின் இரு பக்கமும் நிறுத்துங்கள். தண்டின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஓர் அடர் கோடு ஓடும், நடுவில் மஞ்சள் திரண்டு நிற்கும். வெட்டுகிற ஆப்புக்கும் அந்தக் கோடுதான் எல்லையைக் காட்டும்.

கண்ணாடிக்கும் இதே கறுப்புத் துண்டு வேலை செய்யும், வெளிச்சம் மட்டும் பின்னாலிருந்து வர வேண்டும். ஜன்னலில் மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி, அதன் முன் நல்லெண்ணெய் பாட்டிலை வையுங்கள். எண்ணெய் பொன்னிறமாக ஒளிரும், பாட்டிலின் இரு ஓரமும் கறுப்பாகத் தெளியும். லேபிள் இருட்டாகும், அதற்கு முன்னால் ஒரு தெர்மாகோல் அட்டை பிடித்தால் போதும். இப்படி எடுத்ததை வெட்டவே தேவையில்லை, பின்னணி ஏற்கெனவே வெள்ளை. காலி பாட்டிலை ஆப்பில் வெட்டி நிறப் பின்னணியில் வைத்தால் கண்ணாடிக்குள் பழைய அறை தெரியும். அதைச் சரிசெய்ய நேரம் செலவழிப்பதற்கு மறுபடி எடுத்துவிடலாம்.

நிழலை வைக்கலாமா, நீக்க வேண்டுமா?

பொருள் தரையைத் தொடுகிற இடத்தில் நிழல் இல்லாவிட்டால் அந்தரத்தில் தொங்கும். சொம்போ பொம்மையோ, அடியில் மெல்லிய கறுப்பு நிழல் கட்டாயம். வெட்டும்போது நிழல் போய்விட்டதென்றால் புது லேயரில் தட்டையான நீள்வட்டம் ஒன்றைக் கறுப்பில் வரைந்து, மங்கலாக்கி, 20 முதல் 30 சதவீத அடர்த்திக்குக் குறையுங்கள். பொருள் தொடுகிற இடத்தில் அடர்த்தி கூடுதல், தள்ளிப் போகப் போகக் குறைவு. பொருள் மேல் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழுந்தால் நிழல் வலப்பக்கம் சாய வேண்டும். தட்டையாக விரித்த புடவைக்கு நிழல் முக்கியமில்லை.

ஏஐ-யிடம் சொன்னால் செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையே போட்டுக் கொடுக்கிறது. பயன்படுத்தலாமா?

பின்னணிக்கு மட்டும் என்றால் சரி. பொருளையும் அது மறுபடி வரைந்துவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். கண்டாங்கிப் புடவையின் கட்டத்தைக் கொடுத்தால் கட்டத்தின் அளவை மாற்றிக் கொடுக்கும், விளக்கின் ஐந்து முகத்தை ஆறாக்கும், ஜரிகையில் இல்லாத அன்னப்பட்சி பறக்கும். ஏஐ தந்த படத்தின் மேல் உங்கள் அசல் கட்-அவுட்டை மறுபடி ஒட்டிவிடுவதுதான் பாதுகாப்பு.

அளவும் உதைக்கும். இரண்டு அங்குல ஜிமிக்கியைத் திண்ணைத் தூண் பக்கத்தில் வைத்தால் கோயில் மணி அளவுக்குத் தெரியும். வாங்குபவருக்கு அளவு புரிய ஒரு படமாவது கையிலோ காதிலோ இருக்கட்டும். கூகுளில் பொருள் காட்ட மெர்ச்சன்ட் சென்டரில் ஏற்றுகிறவர்கள் கவனிக்க: ஏஐ உருவாக்கிய படத்துக்குள் அதைச் சொல்கிற மெட்டாடேட்டா (ஃபைலுக்குள் இருக்கிற மறைகுறிப்பு) இருக்கும், அதை நீக்கக் கூடாது என்பது அவர்கள் விதி.

பின்னணி நீக்கிய படத்தை அனுப்பினால் கறுப்பாகப் போகிறது.

ஜேபெக் வடிவத்துக்கு ஒளிபுகும் பின்னணி தெரியாது. பிஎன்ஜி-க்கும் வெப்பி-க்கும் தெரியும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கி ஜேபெக் ஆகிவிடுவதால், காலியாக இருந்த இடம் ஏதோ ஒரு நிறத்தில் நிரம்பும். எடிட்டருக்கோ அச்சகத்துக்கோ அனுப்பும்போது டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். வாடிக்கையாளருக்கு என்றால் பின்னணி நிறத்தைப் போட்டு ஜேபெக் ஆக்கியே அனுப்பிவிடலாம். சேமிக்கும்போது எஸ்ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில் சேமித்தால் பல போன்களில் நிறம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்.

கொஞ்சம் பளிச்சென்று தெரிய நிறத்தை ஏற்றினால் தப்பா?

பின்னணியில் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், பொருள் மேல் கை வைக்காதீர்கள் என்றுதான் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். தூசியைத் துடைக்கலாம். வெளிச்சம் தப்பாக விழுந்து மாறிய நிறத்தை அசலுக்குத் திருப்பலாம். நெசவில் இருக்கிற முடிச்சை, பித்தளையில் இருக்கிற கீறலை மறைக்கக் கூடாது.

இது நல்லெண்ணத்தோடு நிற்கிற விஷயம் இல்லை. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்-வணிகம்) விதிகளின்படி, விளம்பரம் பொருளின் உண்மையான தன்மையோடு ஒத்துப்போக வேண்டும். காட்டியபடி பொருள் இல்லையென்றால் திருப்பி எடுக்க விற்பவர் மறுக்க முடியாது. “ஸ்கிரீனில் நிறம் மாறலாம்” என்று கீழே ஒரு வரி எழுதி வைத்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வரி ஸ்கிரீனுக்குத்தான் பொருந்தும், நீங்கள் ஏற்றிய சாச்சுரேஷனுக்கு (நிற அடர்த்திக்கு) பொருந்தாது.

பழைய பிரிட்ஜ், சைக்கிள் விற்கிறேன். அதற்கும் பின்னணி நீக்கவா?

வேண்டாம். பழைய பொருள் வெள்ளைப் பின்னணியில் வந்தால் நெட்டிலிருந்து எடுத்த படமோ என்ற சந்தேகம்தான் வரும். பிரிட்ஜ் மேல் இருக்கிற பிளாஸ்டிக் டப்பாக்களை இறக்கி, பக்கத்தில் சாய்த்த துடைப்பத்தை நகர்த்தி, கதவைத் திறந்து ஒரு படம், மூடி ஒரு படம். வீட்டு எண் பலகை, குழந்தைகள், வண்டி நம்பர் பிளேட் படத்தில் விழுந்தால் அதை மட்டும் வெட்டிவிடுங்கள்.

எடிட்டருக்கு வெளியே கொடுத்தால் என்னவெல்லாம் கொடுக்க வேண்டும்?

போனில் எடுத்த அசல் ஃபைல், ஃபில்டர் எதுவும் போடாமல், டாக்குமென்ட்டாக. எங்கே ஏற்றப் போகிறீர்கள் என்பது: அமேசானா, இன்ஸ்டாகிராமா, கேட்டலாக் அச்சா. நிறம் முக்கியமான பொருள் என்றால் அதே புடவையை வெள்ளைப் பேப்பரோடு சேர்த்துப் பகல் வெளிச்சத்தில் எடுத்த ஒரு படம், எடிட்டர் நிறத்தை அதோடு ஒப்பிட்டுக்கொள்வார். வேலை முடிந்ததும் ஜேபெக்கோடு சேர்த்து லேயர் உள்ள ஃபைலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தீபாவளிக்குப் பின்னணியை மாற்ற வேண்டும் என்றால் மறுபடி வெட்டுகிற கூலி மிச்சம். மொத்தமாகக் கொடுப்பதற்கு முன் உங்களிடம் இருப்பதிலேயே சிக்கலான பொருள் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள்: குஞ்சம் வைத்த புடவை, இல்லையென்றால் முத்து வைத்த ஜிமிக்கி. சோப்பு டப்பாவை யார் வேண்டுமானாலும் வெட்டிவிடுவார்கள்.